போறணைக்கு மேலே ஒரு கல்யாண வீடு

எங்கள் கட்டட வேலையாளர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, ஏலாது என்றுதான் முதலில் சொன்னேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் கையெழுத்து சிலவேளை எனக்கே விளங்காது.

“நீங்கள் எழுதுங்கோ அண்ணை, பிழையை நாங்கள் பாத்துத் திருத்துவம்” என்றார் அவர்.

அதைக் கேட்ட பிறகு யோசனை இன்னும் கூடிவிட்டது. எழுத்துப் பிழையை அவர் திருத்துவார். ஆனால் நான் எழுத நினைத்தது ஒரு வேலைப் பிழை. அதை முழுதாக அறிந்தவர்கள் நானும் எங்கள் மேஸ்திரி அருளப்பு பாஸும்தான். போன ஞாயிற்றுக்கிழமை பாஸின் வீட்டுக்கே போய், எழுதலாமா என்று கேட்டேன். “எழுதன். என்ர பேரில மட்டும் எழுத்துப் பிழை விடாதை” என்றார். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

எழுத வேண்டி வந்ததற்குக் காரணமும் உண்டு. சென்ற கூட்டத்துக்கு ஒரு விற்பனைக்காரர் புதுவிதப் பொயில் கொண்டுவந்து காட்டினார். பொயில் என்றால் கூரைக்கும் தரைக்கும் அடியில் சூட்டை மறிக்க நாங்கள் அடிக்கும் பளபளப்பான அலுமினியத் தாள். “இதை அப்பிடியே ஒட்டிவிட்டாச் சரி, இடைவெளி ஒண்டும் தேவையில்லை” என்று அவர் சொன்னார். என் கை தானாக மேலே போய்விட்டது.

“ஒட்டினாச் சுடும்” என்றேன்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“காலாலதான் தெரியும்.”

மண்டபம் முழுவதும் சிரித்தது. நான் வியர்த்துப்போய் இருந்துவிட்டேன். அன்று வாயால் சொல்லி முடிக்காததை இங்கே எழுதி முடிக்கிறேன்.

நான் பயந்த ஆள். இதை மறைத்துப் பயனில்லை, என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுப் படலை வரை வந்தவன் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறிய பிறகு, இழுத்துப் பார்த்தேனா என்று யோசிப்பேன். வேலைத்தளத்தில் எனக்கு வைத்த பெயர் பதகளியார், எதற்கும் பதறுகிறவர். என்னோடு முப்பது வருடம் வேலை செய்த நவம், என் கல்யாணத்துக்கு வந்தபோதும் பெண் வீட்டாரிடம் “பதகளியார் வந்திட்டாரோ?” என்றுதான் கேட்டான். அவர்கள் அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று அவனைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள்.

எங்கள் ஊர் சல்லி. வீட்டில் எல்லோரும் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குக் கடலுக்கும் பயம். அதனால் தச்சுவேலைக்குப் போனேன். சீவுளி பிடிக்க, மட்டம் பார்க்க, ஆணியைத் தலை தெரியாமல் இறக்க என்று சில வருடங்கள் ஓடின. பிறகு துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் குளிரறைக்குத் தரை போடும் வேலையில் அருளப்பு பாஸின் கீழ் சேர்ந்தேன். அங்கேதான் முதன்முதலாகப் பொயிலைக் கண்டேன். வெளிச் சூடு நிலத்தால் ஏறி உள்ளே போகாமல் இருக்க, குளிரறைத் தரைக்கு அடியில் பொயிலை இழுத்து, மேலேயும் கீழேயும் வெறும் காற்றுக்கு இடம் விட்டார்கள்.

எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. தச்சன் என்றால் இடைவெளியை மூடுகிறவன். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள் போனாலே எங்களுக்கு வெட்கம். இங்கே இந்த மனிதர் இடைவெளியை அளந்து விடுகிறார்!

அளக்கிற கோல் ஒரு வெறும் நெருப்புப் பெட்டி. பாஸ் சுருட்டும் குடிக்க மாட்டார், சிகரெட்டும் இல்லை. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நெருப்புப் பெட்டி இருக்கும். பொயிலுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே பெட்டியை நிமிர்த்திச் செருகுவார். தட்டாமல் போனால் அடுத்த வரிசை. தட்டினால் கழற்ற வேண்டும்.

“ஏன் பாஸ் இந்தளவு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பொயில் கண்ணாடி மாதிரி. சூட்டைத் திருப்பி அனுப்பும். கண்ணாடியில மூக்கை ஒட்டி வைச்சா முகம் தெரியுமோ?”

இவ்வளவு நீளமாக அவர் கதைத்தது அந்த வருடத்தில் அதுதான்.

பாஸ் யாரையும் ஏசியதை நான் காணவில்லை. வேலை பிழைத்தால் ஒரு வாங்குப் பலகையை இழுத்துக்கொண்டு வந்து, பிழைத்த இடத்துக்கு நேரே போட்டு இருப்பார். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்ப்பார். ஐந்து நிமிடத்தில் செய்தவனே போய்ச் சுத்தியலை எடுத்து எல்லாவற்றையும் கழற்றிவிடுவான். வேலை நன்றாக வந்தால் “பாப்பம்” என்பார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு இல்லை.

தரையைச் சரிபார்ப்பதற்கும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வேலை முடிந்ததும் வெளியே போய்ப் பைப்பில் காலைக் கழுவுவார். தோளில் கிடக்கும் துவாயால் விரல் இடுக்குகளைக்கூடத் துடைப்பார். பிறகு வெறுங்காலோடு உள்ளே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு அடி அடியாக நடப்பார். எங்கே சூடு ஏறுகிறது, எங்கே பலகை துள்ளுகிறது என்று அந்த உள்ளங்கால் சொல்லிவிடும். பொறியியலாளர்மார் சப்பாத்தோடு வந்து நின்று “குட்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாஸ் தலையாட்டுவார். அவர்கள் போன பிறகு காலைக் கழுவப் போவார்.

பொயில் வேலையில் இன்னொரு பயமும் உண்டு. அது உலோகம். ஸ்டேப்பிளர் ஊசி தெரியாமல் ஒரு வயரில் ஏறினால் முழுத் தாளிலும் மின்சாரம் ஓடும். ஆகையால் மெயின் சுவிட்சை நிறுத்தாமல் தொடக்கூடாது என்பது பாஸின் கட்டளை. எனக்கு நிறுத்தினால் மட்டும் போதாது. யாராவது வந்து திரும்பப் போட்டுவிட்டால்? நான் பியூஸையே கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். ஒருமுறை நகரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு மாடியில் வேலை முடித்து, சைக்கிளில் சல்லிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். சோற்றுக்கு முன்னால் இருந்தபோதுதான் நெஞ்சில் ஏதோ முட்டியது. மத்தியான வெயிலில் திரும்ப மிதித்தேன். ஆசிரியரின் மனைவி படலையிலேயே நின்றார்.

“தம்பி, உங்கட சேட் பொக்கற்றுக்க எங்கட வீட்டு வெளிச்சம் கிடக்கு. ஐஸ்பெட்டிக்க இறாலும் கிடக்கு. எதை முதல் தாறீங்கள், பியூஸையோ புது இறாலையோ?”

மறுநாள் பாஸ் இதைக் கேள்விப்பட்டு, “மறந்தது பிழை. கழட்டினது சரி” என்று மட்டும் சொன்னார். என் பதகளிப்பை ஒருவர் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அந்த மனிதருக்காக எதையும் செய்வேன் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடமே நான் பொய் சொல்வேன் என்று நினைக்கவில்லை.

ஹனிபா முதலாளியின் பேக்கரி துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருக்கிறது. பழைய கட்டடம். கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் பாண் ரொட்டி சுடும் விறகுப் போறணை. மேலே மரப்பலகை மாடி, நெடுநாளாக மாச் சாக்கு அடுக்கிக் கிடந்த இடம். எங்கள் பக்கத்தில் தமிழரென்றாலும் முஸ்லிம்களென்றாலும் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். முதலாளிக்கு ஒரே மகள், பர்வீன். அவளுக்குக் கொடுக்க வேறு காணி இல்லை. ஆகவே மாடியை வீடாக்கினார். அறை இரண்டு, குசினி, கடல் தெரிகிற ஜன்னல் எல்லாம் வடிவாகத்தான் வந்தது. போறணைச் சூட்டில் தரையில்தான் கால் வைக்க முடியவில்லை.

பர்வீனுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் உம்மா கிண்ணியாவிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். இதற்கு முன்னால் பார்த்த ஒரு சம்பந்தம் அந்தத் தரையிலேயே முறிந்திருந்தது. அந்த மாப்பிள்ளையின் பெரியம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, மூன்று அடி நடந்து, திரும்பிப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாராம். பர்வீன் அதன் பிறகு ஒரு மாதம் மாடிக்கு ஏறவில்லை. இதையும் முதலாளிதான் சொன்னார், சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

“பாஸ், இந்தச் சம்பந்தமும் தரையால போனா எனக்கு ஊருக்க முகம் இல்ல. பாருங்க.” அவர் ஒரு மாஜரின் கட்டியைத் தரையில் வைத்தார். அது உருகி ஓடியது.

“இந்தக் கச்சான் காத்துக்கு அது கடை றாக்கையிலயும் உருகும், முதலாளி” என்றான் நவம்.

“உருகும் தம்பி. ஆனா கொதிக்காது.”

பாஸ் குனிந்து பார்த்துவிட்டு, “பாப்பம்” என்றார்.

வேலை இதுதான். மாடிப் பலகைகள் தீராந்திகளின் மேல், அதாவது குறுக்கு உத்தரங்களின் மேல், கிடந்தன. இரண்டு தீராந்திகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தை ஒரு வரிசை என்போம். கீழேயிருந்து சாரம் கட்டி, ஒவ்வொரு வரிசையிலும் பலகைக்குப் படாமல் பொயிலை இழுக்க வேண்டும், பளபளப்பு முகம் கீழே பார்க்க. அதற்கும் கீழே ஒரு நெருப்புப் பெட்டி அளவு காற்றுக்கு விட்டு, புகையும் பொறியும் படாமல் சிமெந்துத் தகடு அடித்து மூட வேண்டும். போறணைச் சூடு தகட்டைச் சுட வைக்கும். தகட்டிலிருந்து எழும் சூட்டைப் பொயில் திருப்பி அனுப்பும். நடுவில் காற்று இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப ஏதும் இல்லை, தகடும் பொயிலும் ஒன்றாகவே சுடும்.

முன்பெல்லாம் பாஸ்தான் முதலில் சாரத்தில் ஏறுவார். அந்த வேலையில் ஏறவில்லை. முழங்கால் சரியில்லை என்றார். கீழே வாங்கில் இருந்துகொண்டு கேட்பார், நாங்கள் மேலேயிருந்து பதில் சொல்வோம். அவருக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் தேத்தண்ணீருக்குச் சீனி போட மாட்டோம், அவ்வளவுதான் நாங்கள் யோசித்தது. ஒருநாள் காலை அவர் உள்ளே வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. வெளியே எட்டிப் பார்த்தால், வீதியோரம் கழன்று கிடந்த செருப்பை ஒரு மான் முகர்ந்துகொண்டு நின்றது. எங்கள் நகரத்தில் மாடு போல வீதியில் ஊர் சுற்றும் மான்கள் அந்தப் பேக்கரி வாசலுக்குப் பாண் தோலுக்கு வருகிறவை.

“பாஸ், மான் உங்கட செருப்பைப் போட்டுப் பாக்குது!” என்று நவம் கத்தினான். பாஸும் சிரித்தார். செருப்பு கழன்றதே தனக்குத் தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி என் பிழை.

பேக்கரி எலிகள் சாதாரண எலிகள் இல்லை. மாவும் சீனியும் தின்று வளர்ந்தவை, பூனை வந்தால் பூனைதான் ஒதுங்கும். போறணைக்கு நேர் மேலே மூன்று வரிசை. அங்கே ஒரு தீராந்தியில் ஒரு எலி இருந்து, கீழேயிருந்து வரும் சூட்டுக்கு வயிற்றைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. எனக்கு உடனே யோசனை பிடித்துவிட்டது. தகட்டுக்கும் பொயிலுக்கும் நடுவே பாதை விட்டால் இதுகள் அதில் ஓடும். பொயிலைக் கிழிக்கும். குட்டி போடும். புது மாப்பிள்ளை சோறு தின்னும்போது காலடியில் சரசரவென்று கேட்கும். அவர் எழும்பிக் கிண்ணியாவுக்கே போய்விடுவார். ஒரு எலியிலிருந்து ஒரு கல்யாண முறிவு வரை நான் வந்து சேர எடுத்தது ஒரு நிமிடம்.

ஆகவே அந்த மூன்று வரிசையில் மட்டும் பொயிலைத் தகட்டின் மேல் அப்படியே படிய விரித்தேன். ஒரு சுருக்கம் இல்லை. எலி அல்ல, எறும்பு போகவும் இடம் இல்லை. தச்சனின் கை செய்த வேலை, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

கீழேயிருந்து பாஸ் கேட்டார்: “பெட்டி போகுதோ?”

“ஓம் பாஸ்” என்றேன்.

மற்ற வரிசைகளில் அது உண்மை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்தது. பின்னேரப் பாணுக்குப் போறணை மூட்டியிருந்தார்கள். பாஸ் காலைக் கழுவித் துடைத்து மாடிக்கு வந்தார். முதலாளி, அவர் மனைவி, நவம், நான் எல்லோரும் சுவரோரம் நின்றோம். பாஸ் கண்ணை மூடி நடந்தார். நான் மூன்று வரிசை எங்கே தொடங்குகிறது என்று பலகையை எண்ணிக்கொண்டே இருந்தேன். அவர் அதன் மேல் வந்தார். நின்றார். நான் எண்ணுவதை நிறுத்தினேன்.

“பாப்பம்” என்றார்.

அந்த இடத்திலேயே நின்று முதலாளியோடு ஜன்னல் கொண்டியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பார்த்தாயா, எல்லாம் உன் பயம், ஒட்டினாலும் சுடவில்லை என்று நினைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

சுட்டது. முன்பு போல இல்லை, ஆனால் சுட்டது. நான் காலை மாற்றி மாற்றி வைத்தேன்.

“என்ன பதகளி, டான்ஸோ?” என்று பாஸ் கேட்டார்.

முதலாளியும் மனைவியும் செருப்போடு நின்றார்கள், வேலை முடியாத வீடு என்பதால். நவத்தைக் கூப்பிட்டு நிற்கச் சொல்லலாம். ஆனால் அவன் “உமக்கு ஐஸும் சுடும்” என்பான். இருபது வருடமாக எல்லாவற்றுக்கும் பயந்தவனின் பேச்சை இந்த ஒன்றுக்கு யார் நம்புவார்கள்? நான் பாஸின் கால்களைப் பார்த்தேன். ஐந்து நிமிடமாக அந்த இரண்டு கால்களும் ஒரு இடத்திலேயே இருந்தன. விரல்கூட அசையவில்லை. செருப்பும் மானும் நினைவுக்கு வந்தன. எனக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பாஸின் வீட்டுக்குப் போனேன். அவர் கதிரையில் இருந்தார். மனைவி திரேசக்கா கீழே குந்தியிருந்து அவர் உள்ளங்காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதம் சிவந்து, பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்னக் கொப்புளம்.

“எங்கை மிதிச்சனீங்கள் எண்டு கேட்டா, தெரியாதாம்!” என்றார் திரேசக்கா என்னைக் கண்டதும். “தன்ர கால் எங்கை போச்சுது எண்டு தெரியாத மனிசனைக் கண்டிருக்கிறீரோ?”

அக்கா தேத்தண்ணீர் போட உள்ளே போனதும் நான் தொடங்கினேன். எலியிலிருந்து தொடங்கி, மூன்று வரிசையைச் சொல்லி, ஓம் என்ற பொய்யைச் சொல்லி, பேக்கரித் தரை சுட்டதைச் சொன்னேன். கடைசி ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

“பாஸ், உங்களுக்கு அது... சுடேல்லை.”

அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிழைத்த வேலையைப் பார்ப்பது போலவே பார்த்தார். இங்கே கழற்ற என்னிடம் ஆணி ஒன்றும் இல்லை.

“மூண்டு வரிசையோ?”

“மூண்டுதான்.”

“எலிக்கோ?”

“ஓம்.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்கச் சிரித்தார். “எலிக்குப் பயந்து மாமியாரை வறுக்கப் பாத்திருக்கிறாய்!” பிறகு சிரிப்பு அடங்கி, தன் காலைத் தானே திருப்பிப் பார்த்தார். “ஆறு மாசமா இப்பிடித்தான். பஞ்சில நடக்கிற மாதிரி. முழங்கால் எண்டு சொல்லித் திரிஞ்சனான்.” அக்கா வரும் சத்தம் கேட்டது. “இவளுக்கு இப்ப சொல்லாதை. முதல் தரையைப் பாப்பம்.”

தரையைத் திருத்த வேண்டுமென்றால் போறணையை அணைக்க வேண்டும். பெருநாளுக்கு மட்டும் குளிர்கிற போறணை அது. முதலாளியிடம் பாஸ் போய்ச் சொன்னார், நான் பின்னால் நின்றேன். என் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். “மூண்டு வரிசை பிழைச்சுப் போச்சு, முதலாளி. நான் பாத்தது காணாது” என்றார். அவ்வளவுதான்.

“போறணைய அணைக்கவா? தெருவே பாணுக்கு வந்து நிக்கும் பாஸ்!”

“ஒருநாள் இடியப்பம் தின்னட்டும்” என்று உள்ளேயிருந்து முதலாளியின் மனைவி சொன்னார். “புள்ளட கல்யாணத்தை விட பாணா பெரிசு?”

வியாழக்கிழமை முழுவதும் நாங்கள் அந்த மூன்று வரிசைக்கு அடியில் கிடந்தோம். அணைத்த போறணையும் உடனே ஆறுவதில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. தகட்டைக் கழற்றி, றீப்பை மரச்சட்டத் துண்டு வைத்துப் பொயிலைத் தூக்கி, பெட்டியைச் செருகிச் செருகிப் பார்த்தோம். எலிக்கு இரண்டு முனையிலும் நெருக்கமான கம்பி வலை அடித்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, பத்து நிமிடம்தான். பின்னேரம் போறணையை மூட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் முதலாளி விடவில்லை. “நீங்க ரெண்டு பேரும் கீழ நில்லுங்க, எனக்கு நெஞ்சு படபடக்குது” என்றார். போறணை முழுச் சூட்டில் நின்றது. பணிஸ் வெந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் உம்மா இரண்டு பெண்களோடு வந்து, படிக்கட்டு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போனார். கனத்த உடம்பு. ஒவ்வொரு அடியும் எங்கள் தலைக்கு மேலே கேட்டது.

“முன் அறை” என்றேன் மெதுவாக. “குசினி. இப்ப ஜன்னலடி.”

“வாயை மூடு” என்றார் பாஸ்.

அடிகள் போறணைக்கு நேர் மேலே வந்தன. நின்றன. முதலாளி பணிஸ் தட்டைப் பாதி வெளியே இழுத்தபடி அப்படியே நின்றார். பாஸ் கண்ணை மூடியிருந்தார். நான் எண்ணினேன். பத்து. இருபது. அடி மாறி வைக்கும் சத்தம் இல்லை. முப்பது.

தொம் என்று ஒரு சத்தம்.

“விழுந்திட்டாவோ?” என்றேன்.

பாஸ் கண்ணைத் திறந்தார். “இல்லையடா. நிலத்தில இருந்திட்டா.”

மேலேயிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் வந்தது. அதோடு தேத்தண்ணீர் கேட்கும் குரலும். தரையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய சொல் கிடையாது. முக்கால் மணி நேரம் அந்த அம்மா போறணைக்கு மேலே சம்மணம் கட்டி இருந்துவிட்டு இறங்கி வந்தார். முகம் மட்டும் இறுக்கமாக இருந்தது.

“ஹனிபாக் காக்கா, ஒங்கட வீட்ட ஒரு குறை இரிக்கி” என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பாஸைப் பார்த்தேன்.

“இந்தப் பாண் வாசம் நாள் முழுக்க மேல வருது. என்ட மகன் ஏற்கெனவே சாப்பாட்டுப் பிரியன். ஒரு வருசத்துல இந்தப் படியால எறங்கேலாமப் போயிரும்.” பிறகு அவரே சிரித்து, தட்டிலிருந்து ஒரு பணிஸை எடுத்துக்கொண்டார். மாடிப் படியின் திருப்பத்தில் பர்வீன் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

வெளியே வந்ததும் பாஸ், “திங்கட்கிழமை கிளினிக். நீயும் வா” என்றார்.

“நான் ஏன் பாஸ்? அக்கா...”

“அவள் அழுவாள். நான் ஒண்டும் கேக்க மாட்டன். நீ வந்தா எல்லாத்தையும் கேப்பாய்.”

கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போனேன். டொக்டர் ஓர் இளம் பெண். பாஸைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலோன் நரம்பால் உள்ளங்காலில் இங்கும் அங்கும் தொட்டார்.

“தொடேக்க சொல்லுங்கோ, ஐயா.”

பாஸ் காத்திருந்தார். டொக்டர் தொட்டுக்கொண்டே போனார். குதியில் ஒருமுறை “ஓம்” என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. “தொடுங்கோவன் பிள்ளை” என்றார் பாஸ். டொக்டர் அப்போது தொட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான் தாளை விரித்தேன். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டுமா, வெந்நீரில் கால் வைக்கலாமா, நகம் யார் வெட்டுவது, கொப்புளத்தை உடைக்கலாமா, இது திரும்புமா, திரும்பாவிட்டால் இதற்கு மேல் போகாமல் எப்படிக் காப்பது, சாரத்தில் ஏறலாமா. டொக்டர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகச் சொன்னார். வெறுங்காலோடு இனி ஓர் அடியும் கூடாது என்று சொல்லி, மெத்தென்ற சப்பாத்து வாங்க ஒரு கடைக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். பதினேழாவது கேள்விக்கு வந்தபோது பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இவர் உங்களுக்கு ஆர், ஐயா? மகனோ?”

“இல்லை பிள்ளை” என்றார் பாஸ், சப்பாத்துக் கடைச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபடி. “இவர் இனி என்ர கால்.”

டொக்டர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். நான் அவசரமாக, வெட்டாத பெருவிரல் நகத்தை மற்றக் காலால் மறைத்தேன்.